அசைவதும் நிற்பதும்: கல்விக்கான குறும் அசைவூட்டப்படங்கள் உருவாகும் முறை

(திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறையில் ஆசிரியர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கல்விக்கான குறும் அசைவூட்டப்படம் என்று இவ்வுரை குறிப்பிடுவது, ஒரு நிமிடம் முதல் ஏழெட்டு நிமிடம் வரை ஓடி, ஒரேயொரு கருத்தை விளங்கவைப்பதற்கென்று சட்டகம் சட்டகமாக ஆக்கப்படும் படத்தையே ஆகும். சட்டகம் என்பது திரையில் ஒரு கணம் நின்று மறையும் தனிப்படம். திரைப்படத்தில் விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரைவோர் ஒரே வரைபடத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளமையால் விநாடிக்குப் பன்னிரண்டு வரைபடங்கள் போதும் என்றாலும், ஒன்றரை நிமிடப் படத்துக்கே அது 1,080 வரைபடங்களாகிவிடுகிறது. கணினி வந்த பின்னர் இடைப்பட்ட வரைபடங்களை இயந்திரமே நிரப்பித் தருகிறது. ஆயினும் எந்த உருவம் எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரத்தில் நகர வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரை விட்டுப் போகவில்லை. ஒளிப்படக் கருவியின் முன்னே காற்றில் இலை தானாகவே அசையும். வரைந்த தாளில் ஒருவர் அசைத்தாலன்றி எதுவும் அசையாது. எனவே எதை அசைப்பது, எதை அசையாமல் விடுவது என்னும் முடிவிலேயே இத்தகைய படங்களின் ஆக்கத்திறன் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பதும், அம்முடிவு வரைமேசைக்கு வருமுன்பே, பாடத்தையும் அதைப் பார்க்கப்போகும் பிள்ளையையும் அறிந்தவர்களால் எடுக்கப்பட வேண்டியது என்பதும் இங்கே நிறுவ முயலப்படும் கருத்துகள்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இக்கலையின் தொடக்கம் ஒரு பட்டாணிச் செடியோடு சேர்ந்தது. தாதாசாகேப் பால்கே, தமது முதற்கதைப்படமான ராஜா ஹரிச்சந்திராவை 1913இல் வெளியிடுவதற்குச் சற்று முன்பு, தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாளுக்கொரு சட்டகமாக ஒரு மாதத்துக்கும் மேலாகப் படம்பிடித்து, அதைத் தொடர்ச்சியாக ஓட்டிக் காட்டினார். பணம் தரவிருந்தவரின் நம்பிக்கையைப் பெறுவதே அவருடைய உடனடி நோக்கம் என்றாலும், கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நிகழும் ஒன்றைக் கண்ணுக்கு எட்டும் வேகத்துக்குக் கொண்டுவந்த அம்முயற்சி, கல்விப்படம் செய்யக்கூடிய தனிப்பெரும் உதவி எது என்பதையும் காட்டிவிட்டது. அதில் செடி மட்டுமே வளர்ந்தது. தொட்டி அசையவில்லை, பின்புலம் மாறவில்லை. கருவியையும் நாளுக்கொரு பக்கம் நகர்த்தியிருந்தால் பார்த்தவர்களுக்கு வளர்ச்சி எது, கருவியின் ஆட்டம் எது என்று பிரித்தறிய முடியாமற் போயிருக்கும்.

நாற்பதாண்டுகளுக்குப் பின்னர் இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் மும்பையில் கேலிச்சித்திரப் படப்பிரிவொன்றை அமைத்தபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றியிருந்த கிளேர் வீக்ஸ் அங்கு வந்து இளங்கலைஞர்களைப் பயிற்றுவித்தார். புத்த சாதகக் கதையொன்றைத் தழுவி 1957இல் வெளியான ‘பனியன் டியர்’ அப்பயிற்சியின் விளைவு. மானின் ஒவ்வொரு தசையும் மடங்கி நீளும் டிஸ்னி முறை அழகானது. அதற்கு வேண்டிய ஆட்பலமும் பணமும் அங்கு இல்லை என்பதும் விரைவிலேயே தெளிவாயிற்று. அதே மரபிலிருந்து வந்த பீம்சைன் வரைந்தாக்க, விஜயா முலேயின் பொறுப்பில் 1974இல் உருவான ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ வேறு வழியில் சென்றது. ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் அப்படத்தில் ஒன்று, பல, ஒற்றுமை என்ற கருத்துகளைச் சிறுவன் ஒருவனுக்கு அவனுடைய அக்கா பாட்டாக விளக்குகிறாள். சூரியன் ஒன்றாகவும் விண்மீன்கள் பலவாகவும் தோன்றுகின்றன. வேடனின் வலையைப் பறவைகள் ஒன்றுசேர்ந்து தூக்கிச் செல்கின்றன. கோடுகள் எளியவை, பின்புலம் பெரும்பாலும் வெறுமை, அசைவுகளும் சிலவே. ஆயினும், ‘ஒன்று’ ‘பல’வாகும் கணம் வரும்போது மட்டும் திரை நிறைந்துவிடுகிறது. சிறந்த கல்விப்படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்ற இப்படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்றும் மறக்காமலிருப்பதற்குப் பாட்டின் மெட்டு பாதிக் காரணம் என்றால், இந்தச் சிக்கனம் மீதிக் காரணம். பணப்பற்றாக்குறை கலைக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை; பற்றாக்குறை அவர்களைத் தேர்ந்தெடுக்கப் பழக்கியது என்பதே செய்தி.

அசைவு தானாகவே கற்பிக்கும் என்ற நம்பிக்கை ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் இருந்தது. பார்பரா டுவர்ஸ்கி, ஜூலி மோரிசன், மிரேய் பெத்ராங்கூர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, அதுவரை நடந்த ஒப்பீடுகளை மீளப் பரிசீலித்து, அசையும் படம் அசையாப் படத்தை விஞ்சியதாகக் காட்டப்பட்ட இடங்களில் அசையும் படத்துக்குள் கூடுதல் செய்திகள் வைக்கப்பட்டிருந்தன என்றும், செய்தி சமமாக இருக்கையில் அசைவின் மேன்மை பெரும்பாலும் காணாமற் போகிறது என்றும் எடுத்துக்காட்டியது. அசையும் படம் நில்லாமல் கடந்துபோகிறது. முதலில் வந்ததைப் பிள்ளை மனத்திலே பிடித்துவைத்துக்கொண்டே அடுத்ததைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே கணத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவற்றின் அளவு சிறிது என்பதையே உளவியலாளர் வேலை நினைவின் வரம்பு என்பர். பாடப்புத்தகத்துப் படத்தை விரும்பிய நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அதன் பழைய, மறக்கப்பட்ட வலிமை. கல்விப்படம் எடுப்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது: இப்பாடத்தில் காலத்தோடு மாறும் ஏதேனும் உண்டா? இல்லையென்றால் நல்ல சுவர்ப்படமொன்று போதும், செலவும் மிச்சம்.

திருகோணமலை மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு அசைவால் மட்டுமே விளங்கக்கூடிய பாடம் ஒன்று உண்டென்றால் அது ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா, மூதூர், குச்சவெளி உள்ளிட்ட கரையோரங்களைச் சூறையாடி, இலங்கையெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்நிகழ்வுக்குப் பின்னர் பிறந்தவர்களே இன்று பாடசாலைகளில் இருக்கும் ஏறக்குறைய எல்லோரும். அவர்கள் அதைப் பெரியவர்களின் பேச்சிலும் ஆண்டு நினைவு நிகழ்வுகளிலும் அறிந்திருக்கிறார்கள். அது எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் சுருண்டு மேலெழும் மாபெரும் அலை ஒன்றையே வரைந்து காட்டுவார்கள். அவ்வுருவம் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற அலை ஓவியத்தை ஒத்தது. அவ்வோவியமோ புயற்கடலின் அலையைக் காட்டுவது, ஆழிப்பேரலையை அன்று. கண்டி வீதியோரத்துக் கப்பல்துறைப் பாடசாலையொன்றின் தரம் 8 மாணவர்களுக்காக இதைப் பற்றி ஒன்றரை நிமிடப் படம் ஆக்கப்படுவதாகக் கொண்டு அதன் வழியை ஓரளவு நெருக்கமாகத் தொடரலாம்.

முதற்சிக்கல் அளவுகளில் எழுகிறது. ஆழ்கடலில் நீரின் ஆழம் 4,000 மீற்றர் என்று கொள்வோம். பேரலை இந்து சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்தபோது மேலே பறந்த செய்மதி அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். இன்றைய சாதாரண உயர்தெளிவுத் திரையில் மேலிருந்து கீழாக 1,080 புள்ளிவரிகள் உள்ளன. கடலின் முழு ஆழத்தையும் அத்திரையில் உண்மை அளவுக்கு வரைந்தால் ஒரு வரி மூன்றேமுக்கால் மீற்றர் அளவாகிறது, அலையோ ஒரு வரியில் ஆறிலொரு பங்குதான். அதாவது திரையில் எதுவுமே தெரியாது. அகலவாட்டிலும் இதே தொல்லை: அதே அளவில் திரையின் அகலம் ஏழு கிலோமீற்றர் மட்டுமே, அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தொலைவோ இருநூறு கிலோமீற்றருக்கும் மேல். இருபத்தெட்டுத் திரைகளை வரிசையாக வைத்தாலும் ஓர் அலை அடங்காது. ஆகவே உயரத்தைப் பன்மடங்கு பெருக்கித்தான் வரைய முடியும். எல்லாப் படங்களும் அப்படித்தான் செய்கின்றன. பெருக்கியதைச் சொல்லாமல் விடுவதே குற்றம், ஏனெனில் நடுக்கடலிலும் மலைபோன்ற அலை எழுந்தது என்று பிள்ளை நம்பிவிடும். அன்று ஆழ்கடலில் நின்ற வள்ளங்களில் இருந்தோர் எதையும் உணராமல் மீன்பிடித்துக்கொண்டிருந்ததன் காரணம் அதற்கு விளங்கவே விளங்காது. இதற்கு இயற்றுநர் காணக்கூடிய தீர்வுகளுள் நேர்மையானது, முதற்சில விநாடிகள் உண்மை அளவிலேயே காட்டி, திரையில் எதுவும் தெரியவில்லை என்பதைப் பிள்ளை கவனித்த பின்னர், உயரத்தை மட்டும் கண்முன்னே இழுத்துப் பெருக்குவது. இழுக்கும் அந்த அசைவு கடலின் அசைவன்று, படம் வரைந்தவரின் அசைவு என்பது புரியும்படி அது வேறு நிறத்திலும் வேறு ஓசையிலும் அமைய வேண்டும்.

வேகத்தின் சிக்கல் இதைவிட எளிது. பேரலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேலாகவும் பத்து மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றராகவும் அது இருக்கும். மணிக்கு 700 என்ற எண் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதையும் சொல்லாது. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பேருந்தில் பல மணிநேரம் உடம்பு நோகப் போகும் அத்தூரத்தை ஆழ்கடலில் பேரலை இருபத்திரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் என்றால் அது விளங்கும். கரையை நெருங்க நெருங்க முன்பகுதி தாமதிக்க, பின்பகுதி நெருக்கிக்கொண்டு வந்து சேர்வதால் நீர் உயர்கிறது என்பதே பாடத்தின் மையம். காலத்தோடு மாறுவதும் இதுவே. படத்தில் அதிக வரைபடங்களைச் செலவிட வேண்டிய இடமும் இதுவே ஆகும். பதற்றமடைந்து பறக்கும் பறவைகள், கரையில் ஆடும் தென்னைகள், கண்சிமிட்டும் நண்டு முதலியவற்றை இங்கே அசைத்தால் பிள்ளையின் கண் அவற்றின் பின்னே போய்விடும். அசைவூட்டுநர்கள் இத்தகைய சிறு அசைவுகளை விரும்பிச் செய்வார்கள், செய்தும் காட்டுவார்கள். அவற்றை இரக்கமின்றி நீக்குவது இயற்றுநரின் வேலை.

மூன்றாவது சிக்கல் மற்றவற்றினும் பாரதூரமானது. கிடைக்கும் கல்விப்படங்களுள் பல, கடல் முதலில் உள்வாங்கும், பின்னர்தான் அலை வரும் என்று காட்டுகின்றன. 2004இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலத்தட்டு பிளந்தபோது மேற்குப்பக்கம் உயர்ந்தது, கிழக்குப்பக்கம் தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தின் கரையில் கடல் முதலில் வற்றியது. இலங்கையை நோக்கிய பக்கத்திலோ முகடே முன்னே வந்தது. கிழக்குக் கரையில் முதல் அலைக்கு முன் கடல் வற்றவில்லை. முதல் அலை திரும்பிய பின்னரே பல இடங்களில் கடல் பின்வாங்கிற்று, அதன் பின்னர் அதனினும் பெரிய அலை வந்தது. தாய்லாந்து மாதிரியைக் கொண்ட படத்தை அப்படியே பெயர்த்துத் திருகோணமலைப் பிள்ளைக்குக் காட்டினால், கடல் வற்றவில்லை ஆதலால் ஆபத்தில்லை என்ற பாடத்தை அது கற்றுக்கொள்ளும். படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அப்பிழை ஆழமாகப் பதியும். பாடத்தை அறிந்தவர் வரைமேசைக்கு முன்னரே வேண்டும் என்று மேலே கூறியதன் பொருள் இதுதான்.

இம்மூன்றும் தீர்ந்த பின்னரே கதைப்பலகை. காட்சிகளைச் சிறு கட்டங்களாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் பேச்சையும் ஓசையையும் எழுதிவைக்கும் தாள்வரிசையை அத்தொழிலில் அப்படி அழைப்பர். ஒன்றரை நிமிடத்துக்கு எட்டுப் பத்துக் கட்டங்கள் போதும். அவற்றைச் சுவரில் ஒட்டி, படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை அழைத்துப் பேச்சின்றிப் படங்களை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று சொல்லவைப்பது மிக மலிவான பரிசோதனை. யுனிசெப் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தெற்காசியப் பெண்பிள்ளைகளுக்காக உருவாக்கிய மீனா தொடரில், அசைவூட்டக் கலைஞர் ராம் மோகன் உருவப்படுத்திய மீனா என்னும் சிறுமியின் தோற்றமும் உடையும் கதைப்போக்கும் பங்களாதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் மக்களிடம் திரும்பத் திரும்பக் காட்டிக் கருத்தறிந்த பின்னரே முடிவாயின. தம்பிக்குப் பெரிய மாம்பழத்துண்டும் அக்காவுக்குச் சிறியதும் கிடைப்பதைக் காட்டும் கதை அவற்றுள் ஒன்று. அநீதி என்ற சொல்லை உச்சரிக்காமலே இரண்டு துண்டுகளின் அளவை மட்டும் கண்முன் வைத்து அது பேசுகிறது. ஆழிப்பேரலைப் படத்திலும் அவ்வாறே, இறந்தோரையும் அழுகையையும் காட்டாமல் விடுவது நன்று. இவ்வூர்ப் பிள்ளைகளுள் பலரின் வீட்டுச் சுவரில் அந்நாளில் போனவர்களின் படங்கள் இருக்கின்றன.

கதைப்பலகைக்கு அடுத்து வருவது படம் அன்று, குரல். அசைவூட்டத்தில் ஓசையே முதலில் பதிவாகிறது. அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் எந்தச் சொல் வருகிறது என்று எக்ஸ்போஷர் சீட் எனப்படும் கட்டத்தாளில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப வரைகிறார்கள். இங்கே தமிழுக்கென்று ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலப் பேச்சுக்கு வரைந்த படங்களில் வினைச்சொல் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுவதால் அசைவும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அதே படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுத்தால், நிலத்தட்டு எழும்பி முடிந்த பின்னரே எழும்புகிறது என்ற சொல் காதில் விழுகிறது. கண்ணும் காதும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைப் பெறும்போது கற்றல் எளிதாகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் முதலானோரின் ஆய்வுகள் வலியுறுத்தும் உண்மை. எனவே முதலிலிருந்தே தமிழில் எழுதி, பெயர்ச்சொற்கள் ஒலிக்கும்போது படத்தை நிறுத்திவைத்து, வினைச்சொல்லோடு அதை அசைய விடுவது தகும். சிங்களமும் வினையை இறுதியில் வைக்கும் மொழியாதலால், தமிழுக்கு வரைந்த படம் சிங்களக் குரலுக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும் என்பது இம்மாவட்டத்தில் பயன்தரும் ஒரு வசதி. ஒன்றரை நிமிடப் படத்துக்கு நூற்றிருபது சொற்களுக்கு மேல் எழுதினால் குரல் ஓடத் தொடங்கிவிடும். எழுதியவர்களுக்கு வெட்ட மனம் வராது என்பதும் எல்லா நாட்டு அனுபவம்.

மொழிபெயர்ப்புப் படங்களே கூடாது என்பதன்று கருத்து. 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொடவத்த, டாக்டர் டூலிட்டில் முதலான வெளிநாட்டுக் கேலிச்சித்திரத் தொடர்களைச் சிங்களத்தில் ஆக்கியபோது, அவற்றின் உரையாடலைப் பெயர்க்காமல் புதிதாகவே எழுதினார் என்று சொல்லத்தக்க அளவுக்கு அவை உள்ளூர்ப் பேச்சாகவே ஒலித்தன. அத்தலைமுறைச் சிங்களப் பிள்ளைகளுக்கு அவை சொந்தக் கதைகளாயின. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை. வேடிக்கைப் படத்தில் உதடசைவுக்கு ஏற்ப வசனத்தை வளைக்கலாம். கடலின் அசைவை வசனத்துக்கு ஏற்ப வளைக்க முடியாது என்ற வேறுபாடும் நினைவில் கொள்ளத்தக்கது.

பதிவான குரலோடு கதைப்பலகைக் கட்டங்களை அசைவின்றி வரிசையாக ஓட்டிப் பார்ப்பதை அனிமேட்டிக் என்பர். படம் கெட்டுப்போகும் இடங்கள் அனைத்தும் இங்கேயே தெரிந்துவிடும். திருத்தச் செலவும் மிகக் குறைவு. ஆழிப்பேரலைப் படத்தில் இக்கட்டத்தில் எழும் கேள்வி, முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் இடைப்பட்ட நேரத்தை என்ன செய்வது என்பதே. நிகழ்வில் அது பல நிமிடங்கள், சில இடங்களில் அரைமணி நேரத்துக்கும் மேல். அந்த இடைவெளியில்தான் பலர் வாடியில் விட்டுவந்த வலையை எடுக்கவும், உறவினரைத் தேடவும், வெறுமையான கடற்படுகையில் துடிக்கும் மீனைப் பொறுக்கவும் திரும்பிச் சென்றார்கள். வழக்கமான தொகுப்பாளர் இந்த இடத்தை இரண்டு விநாடியில் வெட்டித் தாண்டிவிடுவார், ஏனெனில் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததுபோல் தோன்றுவதே ஆபத்து என்பதால், பத்து விநாடிக்குத் திரையை அசையாமல் நிறுத்த வேண்டிய ஒரே இடம் அதுவே: வற்றிய கரை, சாய்ந்த வள்ளம், மேட்டில் நிற்கும் சில உருவங்கள், மூலையில் ஓடும் ஒரு கடிகாரமுள் மட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து விநாடி அசைவின்மை நீண்டது; இரண்டாவது விநாடியில் நெளியத் தொடங்கும், ஐந்தாவதில் யாராவது “ஏன் நிக்குது?” என்று கேட்கும். ஆசிரியர் படத்தை நிறுத்திப் பேச வேண்டிய கணமும் அதுதான்.

படம் பார்த்த பின்னர் வினாத்தாள் கொடுப்பதைவிட, பார்த்ததை வரையச் சொல்வது அதிகம் வெளிப்படுத்தும். அலை நகரும் திசையைக் காட்ட இடும் அம்புக்குறிகளைச் சில பிள்ளைகள் கடலுக்குள் பாயும் ஈட்டிகளாகவே வரையக்கூடும். உயரத்தைப் பெருக்கிய காட்சியை மட்டும் நினைவில் வைத்து நடுக்கடலில் மலையை வரைவோரும் இருப்பர். முதல் அலைக்குப் பின் மேட்டில் நின்றவர்களை எத்தனை பேர் வரைகிறார்கள் என்பதே கவனிக்கத்தக்க செய்தி. அவர்களை வரையாத வகுப்பில் அந்தப் பத்து விநாடிகள் வேலை செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். அவர்களைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தோ, வேறொரு நிறம் கொடுத்தோ அக்கட்டத்தை மட்டும் மீளவரைந்து மறுபடி காட்ட வேண்டும். இதே படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும்போது நிறுத்திப் பேச ஆசிரியர் இல்லாததால் அசைவற்ற திரையைப் பழுதென்று நினைத்துப் பிள்ளை அலைவரிசையை மாற்றிவிடக்கூடும். அதற்காக அந்த இடத்துக்கு மட்டும் காற்றும் தொலைவில் உறுமும் கடலும் கொண்ட ஓர் ஒலித்தடத்தைத் தனியே பதிவுசெய்து வைத்துக்கொண்டால் போதும், வரைபடங்களில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை.